சீசன் முடிந்த மலைக்கு யார் வழி சொல்வது?

மலர்க் கண்காட்சி முடிந்து பள்ளிகளும் திறந்துவிட்டால் உதகையில் விடுதி வாடகை மளமளவென்று இறங்கிவிடும். கொடைக்கானல் ஏரிச் சாலையில் கார் நகர இடம் கிடைக்கும். மேட்டுப்பாளையத்தில் குன்னூர் வழியாக ஏறு, கோத்தகிரி வழியாக இறங்கு என்று போலீஸார் திருப்பிவிடும் ஒருவழிப் போக்குவரத்தும் நின்றுவிடும். 'கூட்டம் போன பிறகு போவோம்' என்று காத்திருந்த குடும்பங்கள் அப்போதுதான் நாள் குறிக்கத் தொடங்குகின்றன. நான்கைந்து நாள், காரிலேயே, இரண்டு மூன்று மலைகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு வருவது என்று திட்டம் நீள்கிறது.

இந்த எண்ணத்தை முழு மனதோடு வரவேற்கிறேன். ஏப்ரல், மே என்ற இரண்டே மாதங்களில் மாநிலத்தில் பாதிப் பேர் ஏறி நிற்பதற்கு நம் மலைகளில் இடமும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆண்டு முழுக்கப் பரவலாக மக்கள் போய்வந்தால் மலைக்கும் நல்லது. டாக்ஸி ஓட்டுபவர், குதிரை வைத்திருப்பவர், சாலையோரம் கேரட் கட்டு விற்கும் பெண் என்று மலையை நம்பிப் பிழைப்பவர்களுக்கும் நல்லது.

ஆனால், சீசன் இல்லாத நாட்களுக்கு நாம் போடும் திட்டம் பெரும்பாலும் மே மாதத்துத் திட்டமாகவே இருக்கிறது. அறை எங்கே, பார்க்க வேண்டிய இடங்கள் எவை, சாப்பாடு எங்கே என்பதோடு முடிந்துவிடுகிறது. இப்போது மழை மலையின் எந்தப் பக்கம் பெய்கிறது, போகிற சாலை அடைபட்டால் வேறு எந்தச் சாலை இருக்கிறது, இருட்டுவதற்குள் இறங்கிவிட முடியுமா என்ற கேள்விகள் அதில் இல்லை. தவறு பயணிகளுடையது மட்டும் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கேள்விகளுக்கு எளிதாகப் பதில் கிடைக்கும்படி நாம் எந்த ஏற்பாடும் செய்து வைக்கவில்லை.

முதலில் மழையைப் பார்ப்போம். மழைக்காலம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டு மலைகளுக்கு மழைக்காலம் இரண்டு. இரண்டும் எதிரெதிர் பக்கத்தைத் தாக்குபவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து வந்து மேற்குச் சரிவில் மோதுகிறது. கூடலூர், பந்தலூர், தேவாலா, நடுவட்டம், அவலாஞ்சி, அப்பர் பவானி ஆகிய இடங்கள் அப்போது மழையில் ஊறிக் கிடக்கும். வால்பாறை பக்கம் சின்னக்கல்லாற்றில் கொட்டும் மழைதான் மாநிலத்திலேயே மிகப் பலத்த மழைகளில் ஒன்று. அதே நாட்களில் கோத்தகிரியில் சாரலும் மூடுபனியும்தான் இருக்கும். அக்டோபரில் காற்று திரும்பியதும் கதை தலைகீழாகிறது. வடகிழக்குப் பருவமழை வங்கக் கடலிலிருந்து வந்து கிழக்குச் சரிவைப் பிடித்துக்கொள்கிறது. குன்னூர், கோத்தகிரி, பர்லியாறு, கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை என்று எல்லாம் அப்போது நனைகின்றன. மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை ரயில் பாதையில் மண் சரிந்து ரயில் ரத்து என்ற செய்தி அந்த மாதங்களில் அடிக்கடி வருவது இதனால்தான்.

நீலகிரி மாவட்டமே இதற்குச் சாட்சி. 2009 நவம்பரில் ஒரே நாளில் கேத்தியில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அந்த நாட்களின் நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் பெய்தது. இரண்டும் ஒரே மாவட்டம். நேர்கோட்டில் அளந்தால் பெரிய தொலைவும் இல்லை. ஆனால் ஒன்றுக்கு ஆபத்து நவம்பரில் வந்தது, மற்றொன்றுக்கு ஆகஸ்டில் வந்தது. 'நீலகிரியில் கனமழை' என்ற ஒற்றை வரித் தலைப்பை வைத்துக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கோட்டைவிடுகிறார்கள். போகக் கூடாத பக்கத்துக்குப் போகிறார்கள், அல்லது தாராளமாகப் போயிருக்கக் கூடிய பக்கத்தையும் கைவிடுகிறார்கள்.

ஆகவே, நெடும்பயணத்தின் பாதையை மாதம்தான் முடிவுசெய்ய வேண்டும். ஜூலையில் சென்னையிலிருந்து கிளம்பும் குடும்பத்துக்கு நான் கிழக்கு மலைகளைச் சொல்வேன். சேலம் வந்து ஏற்காடு, அங்கிருந்து கொல்லிமலை, பிறகு திண்டுக்கல் வழியாகக் கொடைக்கானல், பழனிப் பாதையில் இறங்கி உடுமலை, பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், கடைசியாகக் கோத்தகிரி. மூடுபனி இருக்கும், குளிர்காற்று அடிக்கும், தூறல் விழும். ஆனால் பயணத்தையே முடக்கும் மழைக்கு வாய்ப்பு குறைவு. பழனியிலிருந்து உடுமலைக்குப் போகும்போது காற்றாலைகள் முழு வேகத்தில் சுழல்வதும் அந்த மாதங்களில்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அதே பருவக்காற்றுதான் அவற்றைச் சுழற்றுகிறது.

நவம்பரில் என்றால் பாதையைத் திருப்பிப் போட வேண்டும். பெங்களூரு, மைசூரு, குண்டலுபேட்டை வந்து பந்திப்பூர், முதுமலைக் காடுகளைப் பகலில் கடந்து கூடலூர் வழியாக உதகைக்கு ஏறலாம். தென்மேற்கு மழை வாங்கிய காடு அப்போது பச்சை கட்டி நிற்கும். ஆனால் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகியிருந்தால் இந்தக் கணக்கும் செல்லாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் ஏற்காட்டின் மலைப்பாதை மண்சரிவால் அடைபட்டது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். புயல் சென்னையைத்தான் தாக்கும் என்று நினைத்து மலைக்குக் கிளம்புவது பெரிய தவறு.

இரண்டு மழைக்கும் நடுவே, பொங்கல் விடுமுறைக் கூட்டம் இறங்கிய பிறகு மார்ச் வரை உள்ள நாட்களைத் தமிழ்ப் பயணிகள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம். வானம் துலக்கமாக இருக்கும், சாலை காய்ந்திருக்கும். உதகையில் தலைகுந்தா, காந்தல் பகுதிப் புல்வெளிகள் விடியலில் உறைபனியால் வெளுத்திருக்கும். கார்க் கண்ணாடியிலும் பனி படிந்திருக்கும் என்பதால் காலை வெயில் வந்த பிறகு வண்டியை எடுப்பது நல்லது. இந்த நாட்களுக்கும் ஓர் ஆபத்து உண்டு, அது நெருப்பு. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் இறந்ததை மறக்க முடியாது. பிப்ரவரியிலிருந்து வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடினால், அதோடு வாதாடாமல் சாலையோடு நின்றுகொள்ள வேண்டும்.

மாதம் முடிவானதும் அடுத்துப் பார்க்க வேண்டியது, போகும் மலைக்கு எத்தனை வாசல் என்பது. நீலகிரிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து மட்டும் குன்னூர், கோத்தகிரி என்று இரண்டு சாலைகள். காரமடையிலிருந்து 43 கொண்டை ஊசி வளைவுகளோடு கெத்தை, மஞ்சூர் வழியாக இன்னொன்று. வடக்கே கூடலூர் வழி வேறு. கொடைக்கானலுக்கு வத்தலகுண்டு, பழனி, பெரியகுளத்திலிருந்து அடுக்கம். ஏற்காட்டுக்குச் சேலம் வழி ஒன்று, குப்பனூர் வழி ஒன்று. இவற்றில் ஒன்று அடைபட்டால் இன்னொன்றில் இறங்கிவிடலாம். மேகமலையில் அப்படி இல்லை. சின்னமனூரிலிருந்து ஏறும் ஒரே சாலையை நம்பித்தான் போக வேண்டும். வால்பாறைக்குப் பொள்ளாச்சி பக்கம் ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். மறுவழி மளுக்கப்பாறை, சாலக்குடி என்று கேரளத்துக் காட்டுக்குள் இறங்குகிறது. மழை வலுத்தால் இரண்டுமே சிக்கல்தான். ஒற்றை வாசல் மலையை மழைக்காலத் திட்டத்தில் வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைத்தால், அதற்குப் பின் ஒரு நாளைக் காலியாக விட வேண்டும். ஞாயிறு இரவு வீடு, திங்கள் காலை அலுவலகம் என்று இறுக்கிக் கட்டிய திட்டம்தான் கொட்டும் மழையில் நம்மை வண்டியை எடுக்க வைக்கிறது. சீசன் இல்லாததால் வாடகையில் மிச்சமாகும் பணத்தை அந்த ஒரு நாளுக்குச் செலவிடலாம்.

நாளைத் திட்டமிடும்போது கிலோமீட்டரைக் கணக்கில் எடுக்காதீர்கள்; வெளிச்சத்தை எடுங்கள். ஜூனில் கோவைப் பகுதியில் மாலை 6.45 மணி வரை வெளிச்சம் இருக்கும். நவம்பரில் 6 மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். மலையில் மூடுபனி இறங்கினால் 4 மணிக்கே விளக்கு போட வேண்டியிருக்கும். காட்டுச் சாலைகளின் நேரத் தடையும் இருக்கிறது. பந்திப்பூர் சாலைகள் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடப்படுகின்றன. சத்தியமங்கலத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி முதல் கனரக வண்டிகளுக்கு மாலை 6 மணியிலிருந்தும், கார்களுக்கு இரவு 9 மணியிலிருந்தும் காலை 6 மணி வரை தடை. இந்தத் தடைகளை நான் தொந்தரவாக நினைக்கவில்லை. அந்தச் சாலைகள் யானைகளின் வழித்தடங்களைக் குறுக்கே வெட்டிப் போகின்றன. ஜூன், ஜூலையில் பர்லியாறு, குஞ்சப்பனை பகுதிகளில் பலா பழுத்திருக்கும் நாட்களில் யானைகள் சாலையோரத்துக்கே வந்துவிடும். வளைவைத் திரும்பியதும் எதிரே யானை நின்றால், தள்ளி நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், இறங்காமல், அது போகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த அரை மணி நேரத்துக்கும் திட்டத்தில் இடம் வேண்டும்.

கல்லட்டிப் பாதையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உதகையிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு செங்குத்தாக இறங்கும் அந்தச் சாலையில் 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன்பின் வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடை வந்தது. மசினகுடியிலிருந்து ஏறலாம், இறங்கத்தான் கூடாது. இதன் பின்னே இருப்பது சாலையை அறிந்தவர்களின் அறிவு. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பாலபாடம். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கியரைக் குறைத்து வைக்க வழி உண்டு. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் மலை ஏறக் கூடாது. ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். லோ பீமில்தான் சாலை தெரியும். டயர் தேய்ந்திருந்தால் மற்ற எல்லாம் வீண்.

வாடகை வண்டியில் போகிறவர்கள் ஓட்டுநர் இரவில் எங்கே தூங்குகிறார் என்று கேட்க வேண்டும். குளிர்கால உதகையில் காருக்குள் சுருண்டு படுத்து, விடியற்காலை தூக்கம் கலையாத கண்ணோடு நம்மை இறக்கிவரும் ஓட்டுநர்கள் இன்றும் இருக்கிறார்கள். விடுதிகளில் ஓட்டுநர்களுக்கு ஓய்வறை வேண்டும் என்று தமிழக அரசு 2023இல் கட்டட விதிகளைத் திருத்தியது. அறை பதிவு செய்யும்போதே இதைக் கேட்டு வாங்குவது நம் உயிருக்கும் பாதுகாப்பு, அவருக்குச் செய்யும் மரியாதையும்கூட. சீசன் இல்லை என்பதற்காக அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசுவதும் எனக்கு ஒப்பவில்லை. மலையை நம்பிப் பிழைப்பவர்கள் மே மாத வருமானத்தை வைத்துக்கொண்டுதான் மழை மாதங்களைத் தள்ளுகிறார்கள்.

சாலை திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இன்றைக்கு நம்பகமான வழி, மலையடிவாரத்தில் கேட்பதுதான். மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஊட்டி உருளையும் கேரட்டும் ஏற்றிய லாரிகள் வந்து இறங்கியிருந்தால் சாலை திறந்திருக்கிறது என்று பொருள். அரசுப் பேருந்து ஓடுகிறதா என்று பேருந்து நிலையத்தில் கேட்டால் நடத்துநர் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார். ஒவ்வொரு வளைவையும் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள். செல்பேசி வரைபடம் மிகக் குறுகிய பாதையைக் காட்டும். நேற்றிரவு அங்கே மரம் விழுந்தது அதற்கு உடனே தெரியாது. 1077 என்ற எண்ணில் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையையும் கேட்கலாம். ஆனால், ஆயிரக்கணக்கான பயணிகள் ஒவ்வொருவராக லாரிக்காரரையும் நடத்துநரையும் கேட்டுத்தான் போக வேண்டும் என்றால், அரசின் வேலையை அவர்கள் தலையில் கட்டியிருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

இத்தனைக்கும் அரசின் கையில் ஒரு கருவி இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பும் வைக்கப்பட்டது. கூட்டத்தைக் குறைக்கப் பிறந்த ஏற்பாடு இது. நான் இதை ஆதரிக்கிறேன். என்றைக்கு, எந்த வண்டி, எத்தனை பேர், எந்தச் செல்பேசி எண் என்பதையெல்லாம் பயணி தந்துவிடுகிறார். பதிலுக்கு அவருக்குச் சாலையின் நிலவரம் வர வேண்டாமா? 'நாளை நீங்கள் வரும் குன்னூர்ப் பாதையில் மண்சரிவு, கோத்தகிரி வழியாக வாருங்கள்' என்ற ஒரு குறுஞ்செய்திக்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. கோடைக் கூட்டத்துக்கு இருக்கும் கவனம் மழைக்காலப் பயணியின் உயிருக்கும் இருக்க வேண்டும்.

வானிலை மையம் மாவட்டத்துக்கு ஒரு நிறமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை தருகிறது. 20 செ.மீ.க்கு மேல் மழை எதிர்பார்க்கப்பட்டால் சிவப்பு. ஒரே நாளில் இரு முகம் காட்டும் நீலகிரிக்கு ஒரே நிறம் போதாது. நிலச்சரிவு அபாயமுள்ள 283 இடங்களை மாவட்ட நிர்வாகம் ஏற்கெனவே பட்டியலிட்டிருக்கிறது. நெடுஞ்சாலைத் துறைக்குத் தன் சாலையின் ஒவ்வொரு பலவீனமும் தெரியும். இந்த மூன்றையும் சேர்த்தால் பாதைவாரியாக எச்சரிக்கை தர முடியும். மழை நின்ற மறுநாளும் அந்த எச்சரிக்கை தொடர வேண்டும். நீர் ஊறிக் கனத்த மண், வெயில் அடித்த பிறகும் சரியும். வானம் வெளுத்ததும் கிளம்பிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

சிவப்பு எச்சரிக்கை நாளில் மலைப்பாதையில் நம் கார் ஏன் இருக்கக் கூடாது என்பதற்கு, நம் உயிரைவிடப் பெரிய காரணம் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவு விழுங்கிய 70 பேரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் உறங்கியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையில் 200க்கும் மேற்பட்டோர் வீடுகளோடு புதைந்தார்கள். மலையில் பேரிடர் என்றால் முதலில் அழிவது அங்கேயே வாழும் எளியவர்கள்தான். அவர்களிடம் போய்ச் சேர மீட்புப் படைக்கும் ஆம்புலன்ஸுக்கும் மண் அள்ளும் ஜேசிபிக்கும் இருப்பது அந்த ஒற்றைச் சாலை. அதில் சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டி நிற்கக் கூடாது. சரிந்த இடத்தை வேடிக்கை பார்க்க நிறுத்துவது அதைவிட மோசம்.

பயணத்தைத் தள்ளிப்போட மக்கள் தயங்குவதற்கு முக்கியக் காரணம், கட்டிய பணம். 'அட்வான்ஸ் திரும்ப வராதே' என்ற ஒரே கவலையில் எச்சரிக்கையை மீறிக் கிளம்புகிறார்கள். நிர்வாகம் சாலையை மூடினாலோ சிவப்பு எச்சரிக்கை வந்தாலோ, பதிவுசெய்த பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும், அல்லது கழிவு இல்லாமல் வேறு தேதிக்கு மாற வேண்டும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தன் விடுதிகளில் இதை முதலில் தொடங்கட்டும். தனியார் விடுதிகள் பின்பற்ற அது முன்மாதிரியாக இருக்கும்.

வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாட்டுக் கூட்டங்களைச் செப்டம்பரில் ஆட்சியர்கள் நடத்துவார்கள். மணல் மூட்டை, ஜேசிபி, தங்கும் முகாம் எல்லாம் அங்கே பேசப்படும். இந்த ஆண்டு அந்தப் பட்டியலில் குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர், வத்தலகுண்டு, பழனி, அடுக்கம், ஆழியாறு, ஏற்காடு, கொல்லிமலை ஆகிய பாதைகளுக்குத் தனித்தனி நிலவர அறிவிப்பையும் சேர்க்க வேண்டும். காலை 6 மணிக்கும் பகல் 2 மணிக்கும் அது புதுப்பிக்கப்பட வேண்டும். அடிவாரச் சோதனைச் சாவடியில் பெரிய எழுத்தில் பலகையாகவும், இ-பாஸ் எடுத்தவரின் செல்பேசியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்தியாகவும், வெளி மாநிலத்தவருக்குக் கன்னடத்திலும் மலையாளத்திலும் அது போய்ச் சேர வேண்டும். அக்டோபரின் முதல் மழைக்குள் இதைச் செய்து முடிக்கப் போதிய நாள் இருக்கிறது.